படகில் மூன்று பேங்க் சார்ஜர்: இணைக்கும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய படகில் 130 ஆம்பியர்-ஹவர் அளவுள்ள 12 வோல்ட் பேட்டரிகள் மூன்று இருக்கின்றன. இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கி இஞ்சினைக் கிளப்பும் செல்ஃபுக்குக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது பேட்டரியில் ஜிபிஎஸ், வயர்லெஸ், கடலின் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் ஆகியவை ஓடுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் மூன்று பேட்டரிகளுக்கும் ஒரே நேரத்தில் சார்ஜ் போடும் மூன்று பேங்க் சார்ஜர் ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். தொடரில் இருக்கும் பேட்டரிகளைப் பிரிக்காமலேயே இந்தச் சார்ஜரை மாட்டலாமா, எந்த அமைப்பில் வைக்க வேண்டும், மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் இணைத்தபடியே விட்டுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். இவற்றோடு, செல்ஃபுக்கான இரண்டு பேட்டரிகளில் ஒன்றில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடுகிறது, மற்றொன்று எப்போது பார்த்தாலும் இறங்கிக் கிடக்கிறது, இரண்டையும் ஒரே நாளில்தானே வாங்கினேன், இது ஏன் என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறார். உப்பனாற்றங்கரையில் பல ஆண்டுகளாகப் படகுகளுக்கு வயரிங் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், நண்பரே: அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் படகின் உண்மையான நோய் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சார்ஜரை மின்சாரத்தில் செருகுவதற்கு முன்பு அதன் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சார்ஜர்களில் சில 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை. நம்முடைய 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியிலேயே உள்ளே வெடித்துப் போகும். இன்புட் என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் என்றோ, 220 முதல் 240 வோல்ட் என்றோ அச்சிட்டிருந்தால்தான் அது நமக்கு உதவும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் டிரான்ஸ்பார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உப்புக் காற்றடிக்கும் படகில் இன்னொரு கனமான சாதனத்தைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே அட்டவணையில் ஆம்பியர் அளவையும் பாருங்கள். பேங்க் என்பது ஒரு பேட்டரிக்கென்று சார்ஜரிலிருந்து வரும் ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும் கொண்ட தனி வழி. பெட்டியின் மேல் பெரிதாக 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது மூன்று பேங்குக்கும் சேர்த்த கணக்கு. ஒவ்வொரு பேட்டரிக்கும் கிடைப்பது 10 ஆம்பியர். ஆசிட் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-ஹவர் அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் நல்லது என்பது பழைய வழக்கு. அதன்படி உங்கள் 130-க்கு 13 ஆம்பியர் வேண்டும். 10 ஆம்பியரிலும் குறையொன்றும் இல்லை, நேரம் கொஞ்சம் கூடுதலாகும். பாதி இறங்கிய பேட்டரிக்கு 65 ஆம்பியர்-ஹவர் திரும்பப் போக வேண்டும், அதற்கு ஆறரை மணி நேரம்; கடைசிப் பகுதியில் மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே போவதால் அதற்கு மேலும் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். மாலையில் கரைக்கு வந்து இரவு முழுவதும் போட்டு வைத்தால் விடியற்காலையில் நிறைந்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 15 ஆம்பியர் உள்ள சார்ஜர் என்றால் ஒரு பேட்டரிக்கு 5 ஆம்பியர்தான். அது தடைக்காலத்தில் பராமரிக்கப் போதும், தினமும் கடலுக்குப் போகும் படகுக்குப் போதாது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தொடரில் உள்ள பேட்டரிகளைப் பிரிக்காமல் மாட்டலாம், ஆனால் சார்ஜரின் பேங்குகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் முழுவதும் தனித்தனியாக இருந்தால் மட்டும். சில மலிவான சார்ஜர்களில் வெளியே மூன்று ஜோடி வயர்கள் தெரிந்தாலும், உள்ளே மூன்று கறுப்பு வயர்களும் ஒரே இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். தனித்தனிப் பேட்டரிகளுக்கு அப்படிப்பட்ட சார்ஜர் வேலை செய்யும்; தொடரில் உள்ளவற்றுக்கு அது பெரிய ஆபத்து. காரணத்தைக் கவனியுங்கள். தொடர் இணைப்பில் முதல் பேட்டரியின் பாசிட்டிவும் இரண்டாவதன் நெகட்டிவும் தடித்த வயரால் சேர்ந்திருக்கின்றன. ஒரு கறுப்பு வயரை முதல் பேட்டரியின் நெகட்டிவில் வைக்கிறீர்கள். இன்னொரு கறுப்பு வயரை இரண்டாவதன் நெகட்டிவில் வைக்கிறீர்கள், அதாவது முதல் பேட்டரியின் பாசிட்டிவிலேயே வைத்துவிடுகிறீர்கள். இரண்டு கறுப்பு வயர்களும் உள்ளே ஒன்று என்றால், முதல் பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் நேரடியாகச் சேர்த்ததாக ஆகிறது. சார்ஜர் மின்சாரத்தில் செருகப்பட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நான் இதை ஒரு படகில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கறுப்பு வயரின் லக்கை, அதாவது அதன் நுனியில் உள்ள உலோக வளையத்தை, போல்ட்டில் வைத்த மாத்திரத்தில் பளிச்சென்று ஒரு பொறி பறந்தது. வைத்தவர் அது சாதாரணப் பொறி என்று நினைத்து நட்டைத் திருகத் தொடங்கினார். நாலைந்து நொடிகளில் கறுப்பு வயரின் மேலுறை வியர்ப்பதுபோல் பளபளத்தது, பிறகு கொப்புளித்து வழிந்தது, அதற்குப் பிறகுதான் நாற்றம் வந்தது. ஃபியூஸ் இருந்தது சிவப்பு வயர்களில். நெருப்பு எடுத்தது கறுப்பு வயரில். துணியைச் சுற்றிக்கொண்டு லக்கைப் பிடுங்கியதால் படகு தப்பியது.

ஆகவே, எந்தச் சார்ஜராக இருந்தாலும் நான் செய்யும் சோதனை இது. சார்ஜரை மின்சாரத்திலும் மாட்டாமல், பேட்டரியிலும் மாட்டாமல் மேசையில் வைத்து, மல்டிமீட்டரைப் பீப் ஒலி எழுப்பும் அமைப்பில் திருப்பி, ஒரு முனையை முதல் பேங்கின் கறுப்பு வயரிலும் மறு முனையை இரண்டாவது பேங்கின் கறுப்பு வயரிலும் தொடுங்கள். அதைப்போல மூன்று கறுப்பு வயர்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சிவப்பு வயர்களையும் பாருங்கள். எங்கும் பீப் வரக்கூடாது. வந்தால், அந்தச் சார்ஜரில் தொடர் இணைப்பை அப்படியே வைத்து மாட்டாதீர்கள்; ஒவ்வொரு முறையும் இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும் இடை வயரைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். வரவில்லை என்றாலும், கையேட்டில் தொடர் இணைப்புக்கான படம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இணைக்கும்போது, இடை வயர் இருப்பதை மறந்துவிட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் தனிப் பேட்டரியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பேங்கின் சிவப்பும் கறுப்பும் முதல் பேட்டரியின் இரு முனைகளுக்கு. இரண்டாவது பேங்க் இரண்டாவது பேட்டரியின் இரு முனைகளுக்கு. மூன்றாவது பேங்க் ஜிபிஎஸ் பேட்டரிக்கு. லக்கைத் திருகுவதற்கு முன், அந்தப் பேங்கின் வயர்கள் உட்காரப்போகும் இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு அருகில் ஓர் எண் வர வேண்டும். 24, 25 என்று வந்தால், நீங்கள் ஒரு பேட்டரியின் நெகட்டிவையும் அடுத்த பேட்டரியின் பாசிட்டிவையும் பிடித்திருக்கிறீர்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எத்தனையோ சார்ஜர்கள் முதல் நாளிலேயே கெட்டிருக்கின்றன. கையில் மோதிரம், காப்பு, இரும்பு வளையம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வேறு படகுகளில் இரண்டு பேட்டரிகளை இணையாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து வைத்திருப்பார்கள். அவற்றை ஒரே பேட்டரியாகக் கருதி ஒரு பேங்க் போதும். சிவப்பை ஒரு பேட்டரியிலும் கறுப்பை மற்ற பேட்டரியிலும் மாட்டினால் இரண்டும் சமமாக ஏறும்.

சிவப்பு வயர்களில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் நீளம் போதவில்லை என்று வெட்டி ஒட்டுப் போடும்போது பலர் ஃபியூஸை நடுவழியில் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயர் பாதுகாப்பில்லாமல் போய்விடும். நீட்டத்தான் வேண்டும் என்றால் முன்னதைவிடத் தடித்த வயரால் நீட்டுங்கள். மெல்லிய வயரில் அரை வோல்ட் குறைந்தாலே சார்ஜர் பேட்டரி நிறைந்துவிட்டதாகத் தவறாக நினைத்துக்கொள்ளும். வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருப்பது நம்முடைய உப்புக் காற்றுக்கு நல்லது. டெர்மினலை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, லக்கை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்கக் கூடாது.

சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். கீழிருந்து எழும் ஆசிட் ஆவி அதன் உலோகப் பகுதிகளை அரித்துவிடும். காற்றோட்டமுள்ள பக்கச் சுவரில், சுற்றிலும் ஒரு கையகலம் இடம் விட்டு, அடித்தளத்து நீர் எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். பேட்டரி அறைக்குக் கடல்நீர் வராமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்: கடல்நீர் ஆசிட்டில் கலந்தால் பேட்டரி கெடுவதோடு, குளோரின் என்ற நச்சு வாயுவும் வரும்.

கரை மின்சாரத்தைப் பற்றி எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். துறைமுகத்தில் இரண்டு கம்பி வயரை நீட்டி, ஈரமான தளத்தின் மேல் போட்டு, பிளக் இல்லாமல் வயரின் நுனியையே சாக்கெட்டில் சொருகும் வழக்கத்தை இன்றும் பார்க்கிறேன். மனம் பதைக்கிறது. மூன்று முள் பிளக், உண்மையான எர்த், கரையிலுள்ள இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் இல்லாமல் படகுக்குள் 230 வோல்ட்டைக் கொண்டு போகாதீர்கள். பேட்டரிப் பக்கத்தில் தவறு செய்தால் பெரும்பாலும் பொருள் போகும். இந்தப் பக்கத்தில் தவறு செய்தால் ஆள் போய்விடுவார். கிளிப் வைத்த சார்ஜர் என்றால், முதலில் பேட்டரியில் மாட்டிவிட்டுப் பிறகு மின்சாரத்தைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். கிளிப்பைப் பிடுங்கும்போது பறக்கும் பொறியே அதற்குப் போதும்.

எந்த அமைப்பில் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆசிட் வகைப் பேட்டரிக்கு முதல் கட்டத்தில் முழு மின்னோட்டம் போகும், வோல்ட்டேஜ் 14.4 முதல் 14.8 வரை ஏறியதும் அங்கேயே நின்று மின்னோட்டம் குறையும். நிறைந்த பிறகு 13.2 முதல் 13.8 வரை இறங்கிப் பராமரிக்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் வகைக்கு ஏறக்குறைய இதே அளவுதான். ஜெல் வகை 14.2-க்கு மேல் தாங்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அதற்கான தனி அமைப்பு இருந்தால் மட்டும் போடுங்கள். சில சார்ஜர்களில் மூன்று பேங்குக்கும் ஒரே பொத்தான். அப்படியென்றால் மூன்று பேட்டரிகளும் ஒரே வகையாக இருப்பது கட்டாயம். உங்களுடையவை மூன்றும் ஆசிட் வகை என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. செல்களைச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் என்ற அமைப்பு இருந்தால் அதை வழக்கமாகப் பயன்படுத்தாதீர்கள், அது 15.5 வோல்ட்டுக்கு மேல் போகும், ஜிபிஎஸ்ஸையும் வயர்லெஸ்ஸையும் கழற்றாமல் அதைத் தொடவே கூடாது.

நம்முடைய வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன வோல்ட்டேஜ்கள் 25 டிகிரி வெப்பத்துக்கானவை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பேட்டரி அறை 40 டிகிரியைத் தொடும்போது குறைக்க வேண்டியது 0.3 வோல்ட். வெப்பத்தை அளக்கும் உணரி உள்ள சார்ஜர் இதைத் தானே செய்துகொள்ளும். இல்லாத சார்ஜர் செய்யாது, அதனால்தான் கோடையில் தண்ணீர் வேகமாக வற்றுகிறது.

இனி உங்கள் கடைசி வரி. இரண்டு பேட்டரிகளும் ஒரே வயது, ஒரே நிறுவனம், ஒன்று வற்றுகிறது, மற்றொன்று இறங்கிக் கிடக்கிறது. நேரில் பார்க்காமலேயே இதைச் சொல்லலாம்: 24 வோல்ட் ஜோடியின் நடுவிலிருந்து யாரோ 12 வோல்ட் எடுத்திருக்கிறார்கள். ஒரு மின்விசிறி, ஒரு தள விளக்கு, கைப்பேசி சார்ஜ் போடும் முனை என்று ஏதாவது ஒன்று, ஒரே ஒரு பேட்டரியின் மேல் மாட்டப்பட்டிருக்கும். கடலில் அந்தப் பேட்டரி மட்டும் செலவாகிறது. இஞ்சின் ஓடும்போது சார்ஜ் போடும் ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. அது ஜோடியின் மொத்தத்தை மட்டும் பார்த்து 28.4 வோல்ட் வரை ஏற்றுகிறது. இறங்கிய பேட்டரி 13.2-இல் நிற்கும்போது, ஏற்கெனவே நிறைந்திருக்கும் மற்றதன் மேல் 15.2 வோல்ட் விழுகிறது. அது கொதித்து நீரை இழக்கிறது. இறங்கியதோ ஒருநாளும் நிறையாமல் தகடுகளில் வெள்ளை சல்பேட் படிந்து சாகிறது. பேட்டரிக் கடையில் இரண்டையும் ஒரே வரிசையில் தொடராக வைத்துச் சார்ஜ் போட்டுக் கொடுத்தாலும் இதே கதைதான்: நிறைந்தது மேலும் கொதிக்கும், காய்ந்தது பாதியில் நிற்கும்.

தனித்தனிப் பேங்க் வைத்த சார்ஜரின் முழு மதிப்பும் இங்கேதான். முதல் பேட்டரி நிறைந்ததும் அதன் பேங்க் ஓய்ந்துவிடும். இரண்டாவதன் பேங்க் இன்னும் ஐந்து மணி நேரம் ஓடட்டும், முதலாவதை அது தொடாது. 24 வோல்ட் சார்ஜர் ஒன்றை வாங்கி ஜோடிக்கு மேல் மாட்டியிருந்தால் இந்த நன்மை கிடைத்திருக்காது. ஆனாலும் இதை மட்டும் நம்பி நடு இணைப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரவில் கரையில் சரியாவது பகலில் கடலில் மறுபடி கெடும். அந்த மின்விசிறியையும் விளக்கையும் மூன்றாவது பேட்டரிக்கு மாற்றுங்கள், அல்லது 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வையுங்கள்.

தடைக்காலம் நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். நிறைந்த பிறகு தானே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் என்றால் இணைத்தபடியே விடலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் அளவைப் பார்த்தால் போதும். படகைக் கரையேற்றிய இடத்தில் நம்பகமான மின்சாரம் இல்லையென்றால், பேட்டரிகளை வீட்டுக்குக் கொண்டு போய்த் திண்ணையிலோ காற்றோட்டமான தாழ்வாரத்திலோ வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் இரவு சார்ஜ் போடுங்கள். அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் வேண்டாம். சும்மா கிடக்கும் பேட்டரியும் இறங்கும்; வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரு மடங்காகும். நமக்குத் தடைக்காலம் வருவதே ஆண்டின் மிகக் கொடிய வெயிலில் என்பதால், இரண்டு மாதம் கவனிக்காமல் விட்ட பேட்டரி ஜூன் 15 அன்று செல்ஃபைத் திருப்பாது.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய் நீரும் போர் நீரும் வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் உலோகத் துகள் கலந்திருக்கும். சார்ஜுக்கு முன் தகடு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு குறி வரை நிரப்புங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வெளியே வழியும்.

ஏதேனும் ஒரு பேங்கில் சிவப்பு விளக்கு மாறாமல் நின்றால், சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பேங்கின் வயர்களை நல்ல பேட்டரிக்கும், நல்ல பேங்கின் வயர்களைச் சந்தேகப் பேட்டரிக்கும் மாற்றிப் பாருங்கள். சிவப்பு விளக்கு பேட்டரியோடு கூடவே நகர்ந்தால் பேட்டரியில் குறை; அதே பேங்கில் நின்றால் ஃபியூஸ், லக், சார்ஜர் என்ற வரிசையில் தேடுங்கள். எவ்வளவு நேரம் ஏற்றினாலும், ஓய்வுக்குப் பிறகு 10.5 வோல்ட்டிலேயே நிற்கும் பேட்டரியில் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அதை எந்தச் சார்ஜரும் எழுப்பாது. மிகவும் இறங்கிய பேட்டரியைச் சார்ஜர் அடையாளம் காணாமல் மறுத்தால், நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை, தொடர் வயரைக் கழற்றிய பிறகு, சில நிமிடம் இணையாகப் பிடித்தால் ஏற்றுக்கொள்ளும்.

ஜெனரேட்டரிலும் இந்தச் சார்ஜரை ஓட்டலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நம் ஊர் நாள்கணக்கில் இருண்டு கிடந்தபோது, ஒரே ஜெனரேட்டரில் பல வீட்டுப் பேட்டரிகளுக்கும் படகுப் பேட்டரிகளுக்கும் மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டுக் கொடுத்தோம். ஜெனரேட்டரைக் கிளப்பி, வேகம் நிலைக்கும்வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, மீட்டரில் 220 முதல் 240 வோல்ட் வரை நிற்பதைப் பார்த்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள். எண்ணெய் தீர்ந்து தடுமாறும் முன்பே கழற்றிவிடுங்கள்.

சார்ஜரை மாட்டி ஓர் இரவு முழுவதும் ஏற்றிய பிறகு, மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் பேட்டரிகளை ஓய்வில் விட்டு, மூன்றின் வோல்ட்டேஜையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நன்று; 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இறங்கிக் கிடந்த அந்தப் பேட்டரியின் ஆறு செல்களிலும் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு அளவெடுத்து எழுதி அனுப்புங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, சற்றுத் தாழ்ந்து இருந்தால் மெதுவான சார்ஜில் மீட்டுவிடலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் கீழே இருந்தால் மாற்ற வேண்டியதுதான், அப்போது ஜோடியில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதா, நன்றாக இருப்பதை ஜிபிஎஸ்ஸுக்கு நகர்த்துவதா என்பதை அந்த எண்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.